குளியலறைச் சுவரில் ஒரு முழப் பாம்பு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாம்பைப் பற்றியவை. மழை பிடித்துக்கொண்டதால் இது எதிர்பார்த்ததுதான். கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தினமும் மாலையில் கொட்டத் தொடங்கியதும், கால்வாய் ஓட்டையிலும் பூந்தொட்டி அடியிலும் மண்ணுக்குள்ளும் கிடந்ததெல்லாம் காய்ந்த இடம் தேடி மேலே வரும். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவிட்டு, இந்தமுறை முழுப் பகுதியையும் வீட்டைச் சுற்றி வரும் சின்னப் பாம்புகளுக்கே கொடுக்கிறேன். நீங்கள் அனுப்பிய படங்களை எல்லாம் அச்சில் போட இடமில்லை. படத்தில் பார்த்ததை எழுத்தில் சொல்கிறேன்.

கேள்வி: செத்தாப்பாக்கில் தரை வீட்டில் இருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் குளியலறைக் கதவுக்குப் பின்னால், சுவரில் பாதி உயரத்தில் ஒரு பாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழம்தான் இருக்கும். பழுப்பு நிறம், மேலே வெள்ளை வெள்ளையாகக் கோடு. மாமியார் பார்த்ததும் "கட்டுவிரியன்" என்று அலறிவிட்டார். கணவர் துடைப்பக்கட்டையால் அடித்துக் கொன்றுவிட்டார். படம் அனுப்பியிருக்கிறேன். அது கட்டுவிரியன்தானா? குட்டி என்றால் தாய்ப்பாம்பு வீட்டில் எங்காவது இருக்குமா? மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. (வாசகி, செத்தாப்பாக்)

பதில்: முதலில் நன்றாகத் தூங்குங்கள் சகோதரி. அது கட்டுவிரியன் இல்லை. குட்டியும் இல்லை.

படத்தில் தலை நன்றாகத் தெரிகிறது. தட்டையான தலை, கொஞ்சம் அகன்று முன்னால் நீண்ட மூக்கு, கருப்பு மணி பதித்ததுபோல் லேசாகப் பிதுங்கிய கண். பிடரியில் ஒரு வெள்ளைப் பட்டை, கழுத்தில் துண்டு போட்டதுபோல. உடம்பு ஊதா கலந்த பழுப்பு, அதன்மேல் செதில் ஓரங்களில் வெள்ளை வலை பின்னியிருக்கிறது. இவ்வளவும் சேர்ந்திருந்தால் அது ஓநாய்ப் பாம்பு, அறிவியல் பெயர் லைக்கோடன் கபுசினஸ். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீட்டுக்குள் அடிக்கடி வந்து மாட்டிக்கொள்ளும் பாம்புகளில் ஒன்று. முழுதாக வளர்ந்தாலே அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர்தான் வரும், ஆகவே உங்கள் வீட்டில் ஒரு முழத்துக்கு இருந்தது ஏறக்குறைய வளர்ந்துவிட்ட பாம்பு. தாய் தேடி வரும் என்ற பயமும் வேண்டாம். இந்த இனத்தில் தாய் முட்டையிட்டதும் தன் வழியே போய்விடும். குஞ்சு வெளியே வந்த நாளிலிருந்து தனியாகத்தான் திரியும்.

இதற்கு மனிதரைப் பாதிக்கும் விஷம் இல்லை. லைக்கோடன் என்ற பெயருக்கே ஓநாய்ப் பல் என்றுதான் பொருள். முன்வாயில் சில பற்கள் மட்டும் நீளமாக இருக்கும், வழுவழுப்பான அரணையையும் பல்லியையும் நழுவவிடாமல் பிடிப்பதற்கு. கையால் பிடித்தால் கட்டாயம் கடிக்கும், கொஞ்சம் இரத்தமும் வரும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் மாமியார் ஏன் கட்டுவிரியன் என்றார்? அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடித்து, வலிகூடத் தெரியாமல் உயிரை எடுக்கும் பாம்பு கட்டுவிரியன்தான். அங்கேயும் அதே மாதிரி வெள்ளைக் கோடு போட்ட ஓநாய்ப் பாம்பு ஒன்று இருக்கிறது, வெள்ளிக்கோல் வரையன் என்பார்கள், அதையும் அங்கே கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்தபோது பாம்புப் பெயர்களையும் அந்தப் பயத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தப் பாம்புகள் அவர்களோடு கப்பலேறவில்லை. இந்தியாவில் அதிகம் பேரைக் கொல்பவை என்று சொல்லப்படும் நான்கு இருக்கின்றனவே, அங்குள்ள நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இவற்றில் ஒன்றுகூட மலேசியக் காடுகளில் கிடையாது. இங்கே ஆபத்தானவை வேறு, அவற்றின் தோற்றம் வேறு. பழைய பெயரை வைத்துக்கொண்டு புதிய மண்ணின் பாம்பைப் பார்த்தால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். ஆபத்தில்லாததைக் கொல்வோம், ஆபத்தானதைப் பக்கத்தில் விட்டுவிடுவோம். இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

இந்த நாட்டிலும் கட்டுவிரியனின் உறவினங்கள் உண்டு. ஒன்று, பளிச்சென்று கருப்பும் வெள்ளையும் மாறி மாறி அகலப் பட்டை போட்டது, வடக்கு மாநிலங்களில் அதிகம் பேசப்படுவது. இன்னொன்று மஞ்சளும் கருப்பும், முதுகு கூரைபோல் எழும்பியிருக்கும். இரண்டிலும் முதுகின் நடுவில் ஓடும் ஒரு வரிசைச் செதில் மட்டும் மற்றவற்றைவிடப் பெரியதாக, அறுகோணமாக இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு அப்படி இருக்காது, அதன் வெள்ளை கலங்கலாக, வலைபோல இருக்கும். ஆனால் செதிலைப் பார்க்கக் குனியாதீர்கள். தூரத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். மழைக்காலத்தில் இதே பாம்பு கூரை விட்டத்திலிருந்து விழும். அப்பா பாராங்கத்தியால் வெட்டி வேலியில் தொங்கவிடுவார், நாங்கள் பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பார்ப்போம், பெரியவர்கள் எல்லோரும் கட்டுவிரியன் என்பார்கள். பிற்பாடு பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாடிக்குள் அதே வெள்ளைக் கழுத்துப் பட்டையைப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. வேலியில் எத்தனை தொங்கின என்று எண்ணிப் பார்த்தேன்.

அது ஏன் உங்கள் குளியலறைக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவு முழுக்க வெளிவிளக்கு எரிகிறதா? விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு ஓநாய்ப் பாம்பு வரும். சொரசொரப்பான சுவரில் அது நன்றாக ஏறும், வயிற்றுச் செதிலின் ஓரத்தில் பிடிமானத்துக்கு ஒரு மடிப்பு இருக்கிறது. பல்லி இருக்கும் வீட்டில் எல்லாம் இது வந்து போகிறது, நமக்குத் தெரிவதில்லை. நம் ஊரில் இது பல்லியோடு சேர்ந்தே வாழ்ந்த பாம்பு, அதனால் கணக்கு சரியாக இருக்கிறது. இதே பாம்பு 1980களில் சரக்கோடு கிறிஸ்துமஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த பல்லிக்கும் அரணைக்கும் இப்படி ஒரு எதிரியைத் தெரியாது. சில பத்தாண்டுகளில் அந்தத் தீவுக்கே உரிய அரணையும் பல்லியும் காட்டிலிருந்து அற்றுப்போய்விட்டன, மிஞ்சியவற்றைக் கூண்டில் வைத்து வளர்த்துத்தான் காப்பாற்றினார்கள். அதற்கு இந்தப் பாம்பே முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். இவ்வளவு பசியோடு பல்லி தின்னும் ஒன்று உங்கள் வீட்டுக்கு இலவசமாக வந்திருந்தது.

கேள்வி: ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடியில் நான்காவது மாடி. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையிலிருந்து கருப்பாக, பளபளப்பாக, மண்புழு மாதிரி ஒன்று வந்தது. நெளிந்த வேகத்தைப் பார்த்தால் புழு மாதிரி இல்லை. கொதிக்கும் தண்ணீரை ஊற்றினோம். பாம்புக்குட்டி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நாகமா? நான்காவது மாடிக்கு எப்படி வந்தது? (வாசகர், பினாங்கு)

பதில்: அது புழுப்பாம்பு. முழுதாக வளர்ந்ததே ஒரு சாண்கூட வராது, பென்சிலைவிட மெல்லியது. மண்புழுவிலிருந்து பிரித்தறிவது சுலபம். மண்புழு உடம்பில் வளையம் வளையமாக இருக்கும், சளிபோல் ஈரம் ஒட்டும். புழுப்பாம்பு எண்ணெய் பூசியதுபோல் மின்னும், வளையம் இருக்காது, உற்றுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளி மட்டும். எது தலை எது வால் என்று குழப்பம் வரும். வால் நுனியில் ஒரு சின்ன முள் இருக்கிறது, பிடித்தால் அதைக் குத்தி ஊன்றும், நம் மக்கள் அதைக் கொட்டுகிறது என்று நினைப்பார்கள். அது கொட்டுவது கிடையாது, விஷமும் கிடையாது. நம்மைக் கடிக்க அதன் வாயே போதாது.

மண்ணுக்குள் எறும்பின் முட்டையையும் கரையான் புழுவையும் தின்று வாழ்கிறது. மாடிக்கு வந்த வழி பெரும்பாலும் பூந்தொட்டிதான். நாற்றங்காலில் வாங்கிய தொட்டி மண்ணோடு வந்திருக்கும், பலகணியில் தண்ணீர் ஊற்றியபோது வெளியேறி, ஈரம் தேடிக் குளியலறைக்குப் போயிருக்கும். இந்தப் பாம்பு உலகின் பல கண்டங்களுக்குப் பரவியதே தொட்டி மண் வழியாகத்தான். அதற்கு உதவியது இன்னொரு அதிசயம்: இந்த இனத்தில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், இணை இல்லாமலே முட்டையிடும், குஞ்சுகள் எல்லாம் தாயின் நகல். ஒரே ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும், ஒரு தீவில் புதிய குடும்பம் தொடங்கிவிடும். 1803ல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது விசாகப்பட்டினத்துப் பக்கம் கிடைத்ததை வைத்து. ஆக, நம்மைப்போலவே வங்கக்கடல் இரு கரையிலும் இருக்கிறது.

கொதிநீர் வேண்டாம் ஐயா. குப்பை அள்ளும் முறத்தில் ஏந்தி, கீழே புல்தரையில் விட்டுவிடுங்கள். காதுக்குள் புகும் என்று பாட்டிமார் சொல்வதை நானும் கேட்டு வளர்ந்தேன், அது நடக்காது.

கேள்வி: நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. கொல்லையில் சருகு கூட்டும்போது துடைப்பத்துக்கு அரையடி தூரத்தில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. பழுப்பு, முதுகில் இரண்டு பக்கமும் முக்கோண முக்கோணமாகக் கருப்பு. குட்டையாக, தடியாக இருந்தது. துடைப்பம் பட்டும் அது நகரவே இல்லை. சோம்பேறிப் பாம்பு, விஷம் இருக்காது என்று என் அண்ணன் சொல்கிறார். (வாசகி, செபராங் பிறை)

பதில்: அந்த இடத்திற்கு இனி பூட்ஸ் போடாமல் போகாதீர்கள், பிள்ளைகளை விடவே விடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் மலாயாக் குழிவிரியனுக்கு அப்படியே பொருந்துகிறது. மலாயில் ஊலார் காப்பாக் போடோ, அதாவது முட்டாள் குழிவிரியன் என்கிறார்கள், மனிதர் வந்தாலும் விலகாமல் அப்படியே கிடப்பதால். அது நகராமல் கிடப்பது ஒளிந்திருப்பதற்கு. சருகும் அதுவும் ஒன்றாகத் தெரியும், மிதித்தால் நொடியில் கடிக்கும். தீபகற்பத்தின் வட பகுதியில், பெர்லிஸ், கெடா, பினாங்குப் பக்கம் இது இருக்கிறது. கோலாலம்பூர்க்காரர்கள் இதை வைத்துப் பயப்பட வேண்டாம். உங்கள் பகுதியில் பயப்பட வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு இது பழைய எதிரி. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் அலிஸ்டர் ரீட் என்ற மருத்துவர் இருந்தார். இந்தப் பாம்பு கடித்து வந்தவர்களுக்கு இரத்தம் உறையாமல் போவதை அவர் உட்கார்ந்து கவனித்து எழுதினார். அந்தக் கவனிப்பிலிருந்துதான் இதன் விஷத்தில் இருந்து இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஒன்று பிறந்தது. பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களின் வேதனையும் அந்த மருந்துக்குள் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சருகைக் கையால் அள்ளாதீர்கள், நீளக் கம்பு வைத்த வாருகோல் வாங்குங்கள். பாம்பு மறுபடி தெரிந்தால் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் கறிவேப்பிலை மரத்தில் பச்சையாக, கயிறு மாதிரி மெல்லிய பாம்பு. கண்ணைக் கொத்தும் என்கிறார்கள். கறிவேப்பிலை பறிக்கவே பயமாக இருக்கிறது. (பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: பச்சைப்பாம்பு. மூக்கு ஊசிபோல் கூராக, கண்ணின் பாப்பா படுக்கைவாட்டில் நீண்டிருந்தால் அதுவேதான். நம்மவர்கள் கண்கொத்திப் பாம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அது குறி வைப்பது பல்லியையும் ஓணானையும். லேசான விஷம் உண்டு, பல் வாயின் பின்பக்கம், மனிதரைப் பெரிதாகப் பாதிக்காது. மரத்தை ஒரு குச்சியால் மெதுவாக ஆட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பறியுங்கள். அதேபோல் கருப்பில் பச்சைப் புள்ளியும் சிவப்புப் பூவும் போட்ட மெல்லிய பாம்பு மரத்திலிருந்து கூரைக்குத் தாவினால் அது பறக்கும் பாம்பு. விலா எலும்பை விரித்து உடம்பைத் தட்டையாக்கி மிதந்து வரும், நகரத்துத் தோட்டங்களிலும் உண்டு, அதுவும் ஆபத்தில்லை.

பினாங்கு வாசகர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பச்சைப் பாம்பு என்றாலே சாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே கிளையில் கிடக்கிறதே, அந்தக் கோயில் விரியன் மலையோரத்திலும் அலையாத்திக் காட்டிலும் இயற்கையாகவே இருக்கிறது. பெரிய பெண் பாம்பு கருப்பும் மஞ்சளுமாக இருக்கும், அதைத்தான் எல்லோரும் படம் எடுத்து வருகிறார்கள். ஆனால் குட்டியும் ஆணும் பச்சை, வெள்ளை சிவப்புப் புள்ளியோடு, கைக்கு அடக்கமாக இருக்கும். தலை முக்கோணம், கழுத்து சிறுத்து, ஒரே கிளையில் நாள் கணக்கில் அசையாமல் இருக்கும். கயிறுபோல் நீண்டு ஓடினால் பச்சைப்பாம்பு, முடிச்சுபோல் உட்கார்ந்திருந்தால் விலகிப் போங்கள். புகையில் மயங்கிக் கிடக்கிறது என்பதும் சரியல்ல, பகலில் அசையாமல் இருந்து இரவில் இரை பிடிப்பது அதன் இயல்பு.

கேள்வி: கெப்போங்கில் வீட்டுப் பின்கால்வாயில் பத்து அங்குலம்கூட இல்லாத கருப்புக் குட்டி. பிள்ளைகள் குச்சியால் தொட்டதும் தலையைத் தூக்கிக் கழுத்தை அகட்டியது. இவ்வளவு சின்னதுக்கு விஷம் இருக்குமா? வீட்டுக்குள் கண்டது ஒரு கழுத்துப் பட்டைக்காரன், இதுவும் அதுவும் ஒன்றா? (வாசகர், கெப்போங்)

பதில்: ஒன்று இல்லை. உங்கள் கால்வாயில் இருந்தது நாகக்குட்டி. தீபகற்பத்தில் பரவலாக இருப்பது கருநிறத் துப்பும் நாகம், கோலாலம்பூர் வீடமைப்புப் பகுதிகளில் எலி எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிறது. ஓநாய்ப் பாம்பின் வெள்ளைப் பட்டை பிடரியில், மேல்பக்கம் இருக்கும். நாகக்குட்டிக்கு வெளிறிய நிறம் தொண்டையில், கீழ்ப்பக்கம் இருக்கும். தலையைத் தூக்கிக் கழுத்தை அகட்டிவிட்டால் அதற்குமேல் எந்த அடையாளமும் தேவையில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும்.

முட்டையிலிருந்து வந்த அன்றைக்கே அதற்கு விஷம் உண்டு. பெரியதைவிடக் குட்டிக்குத்தான் விஷம் அதிகம் என்று சொல்வதும் தவறு, பெரிய பாம்பிடம் விஷத்தின் அளவு கூடுதல். ஆனால் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் சொல்லாதீர்கள், சின்னப் பாம்பு என்று ஒன்று கிடையாது என்று மட்டும் சொல்லி வையுங்கள். இந்த நாகம் கண்ணைக் குறிவைத்து விஷத்தைத் துப்பும். கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது, குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்துவிட்டுப் பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் ஊற்றுவது, தாய்ப்பால் ஊற்றுவது எல்லாம் நேரத்தை வீணாக்கும்.

கேள்வி: வீட்டைச் சுற்றிக் கந்தகப் பொடி போட்டால் வராதா? உப்பு, பூண்டுத் தண்ணீர்? (மூன்று வாசகர்கள்)

பதில்: வரும். கடையில் பெலேராங் என்று கேட்டு வாங்கிக் கோடு போடுகிறோம், பாம்பு அதைத் தாண்டிப் போகிறது. பாம்புத் தோல் அட்டைத் தோல் மாதிரி இல்லை, உப்பு அதை ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்குக் கதவு அடியில் ரப்பர் பட்டை அடியுங்கள், தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கம்பி வலை மூடி போடுங்கள், கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள். பழைய தகரம், பலகை, உடைந்த தொட்டி, இவற்றைச் சுவரோரம் அடுக்கி வைக்காதீர்கள். பூனைக்கு வைத்த மிச்சச் சோற்றை இரவில் வெளியே விடாதீர்கள், அது எலிக்கு, எலி நாகத்துக்கும் மலைப்பாம்புக்கும். ஐந்தடி என்கிற வாசல் நடைபாதையில் கழற்றிப் போட்ட காலணியைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: தெரியாமல் ஒரு பாம்புக்குட்டியை அடித்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று கஷ்டம். நாகதோஷம் என்கிறார்கள். புற்றுக்குப் பால் ஊற்றச் சொல்கிறார்கள். (பெயர் வேண்டாம், செந்தூல்)

பதில்: உங்கள் மனம் நோகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது, அந்த நோவே நல்ல மனதின் அடையாளம். கோயிலுக்குப் போவது உங்கள் நம்பிக்கை, புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டு வாருங்கள், மனம் ஆறும். ஆனால் பாம்பின் வாயில் பாலை ஊற்றுவதோ, பிடித்து வைத்த பாம்புக்குப் பால் கொடுப்பதோ வேண்டாம். பாம்பு பால் குடிக்கும் உயிர் இல்லை, அதற்குப் பால் செரிக்காது, தாகத்தில் தவிக்கவிட்டால் மட்டும் எதையும் குடிக்கும். உங்கள் குடும்பக் கஷ்டத்துக்கும் அந்தக் குட்டிக்கும் தொடர்பு இருப்பதாக நான் நம்பவில்லை. அப்படியும் ஏதாவது செய்தால்தான் நிம்மதி என்றால், அடுத்த முறை பக்கத்து வீட்டில் பாம்பு என்று சத்தம் கேட்கும்போது நீங்கள் முதல் ஆளாகப் போய், கம்பைக் கீழே போடச் சொல்லி, 999 அழைத்துக் கொடுங்கள். தீயணைப்பு மீட்புப் படையும் பொதுத் தற்காப்புப் படையும் பாம்பு பிடிக்க வருகிறார்கள். மலாய் சரளமாக வராதவர்கள் "ஊலார் மாசோக் ருமா" (வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது) என்று சொல்லி முகவரியைத் தெளிவாகச் சொன்னால் போதும். அவர்கள் வரும்வரை அந்த அறைக் கதவை மூடி, அடியில் துண்டைச் செருகி, ஒருவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாம்பு எங்கே போனது என்று தெரியாமல் போவதுதான் பெரிய சிக்கல். பூச்சிமருந்தும் மண்ணெண்ணெயும் தெளிக்காதீர்கள், அது வெறிகொண்டு ஓடி இன்னொரு மூலைக்குள் புகுந்துவிடும்.

கேள்வி: கடித்துவிட்டால்? (பலர்)

பதில்: என்ன பாம்பு என்று உறுதியாகத் தெரியாத எந்தக் கடியையும் விஷக்கடியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பல் பதிந்த இடம் சின்னதாக இருக்கிறது, வலி இல்லை, வீக்கம் இல்லை என்று வீட்டில் உட்காராதீர்கள். கட்டுவிரியன் இனத்துக் கடி அப்படித்தான் இருக்கும், சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணிமை சொருகும், பேச்சு குழறும், மூச்சு திணறும். கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்து, மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் ஒரு பலகையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது எதுவும் வேண்டாம்.

பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். அடித்துப் போட்ட பாம்பின் தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். தூரத்திலிருந்து ஒரு படம் இருந்தால் அது பெரிய உதவி. காரணம், விஷமுறிவு மருந்து பாம்புக்குப் பாம்பு மாறும். இங்கே பயன்படுத்துவதில் பெரும்பகுதி தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் தயாரிப்பது, ஏனென்றால் நம் நாட்டுப் பாம்புகளும் அவர்கள் நாட்டுப் பாம்புகளும் பெரும்பாலும் ஒரே இனம். "கட்டுவிரியன் கடித்தது" என்று நாம் பழக்கத்தில் சொல்லும் ஒரு வார்த்தை மருத்துவரைத் தவறான பக்கம் திருப்பிவிடலாம். நிறம், பட்டை, எவ்வளவு நீளம், எங்கே இருந்தது, எத்தனை மணிக்குக் கடித்தது, இதை மட்டும் சொல்லுங்கள். பெயரை அவர்கள் கண்டுபிடிக்கட்டும், அதற்கென்றே மருத்துவர்களுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் நிபுணர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கேள்வி: எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டுச் செடி அடியில் பாம்பு மாதிரி ஒன்று ஓடியது. பழுப்பு, பளபளப்பு. ஆனால் குட்டிக் கால் இருந்தது. அம்மா நம்பவில்லை. பாம்புக்குக் கால் உண்டா? (தமிழ்ப்பள்ளி மாணவன், செராஸ்)

பதில்: தம்பி, நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். அது அரணை. இங்கே தோட்டங்களில் உடம்பு நீளமாக, கால் மிகச் சின்னதாக உள்ள அரணை ஒன்று இருக்கிறது, ஓடும்போது காலை மடக்கிக்கொண்டு பாம்புபோலவே நெளியும். பெரியவர்கள் பலர் அதைப் பாம்பு என்றுதான் அடிக்கிறார்கள். அம்மாவிடம் இன்னொரு அடையாளமும் சொல்: அரணை கண்ணை மூடித் திறக்கும், பாம்புக்கு இமையே கிடையாது. அடுத்த முறை பக்கத்தில் போகாமல், அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டு, தள்ளி நின்று பார். தலை, கழுத்து, முதுகு, வால், நான்கையும் ஒரு தாளில் வரைந்து நிறம் எழுதி எனக்கு அனுப்பு. எத்தனை மணிக்குப் பார்த்தாய், அன்றைக்கு மழை பெய்ததா என்பதையும் ஓரத்தில் எழுதிவிடு.